‘தோ’வுக்கு வந்த பில்

அம்மாவிடம் இன்னும் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. இரண்டு மாதத்தில் 51,300 ரூபா. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர் கொழுந்து பறிக்கிறார். அப்போது நாட்சம்பளம் 1,350 ரூபா. வகுத்துப் பார்த்தால் சரியாக 38 நாள் வருகிறது. அதுவும் கிலோ குறையாமல், அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழாமல், 38 முழுப்பேர். இணையத்தளம் ஒன்றைக் கிளவுட்டில், அதாவது ஒரு கம்பனியின் வாடகைக் கணினிகளில், ஏற்றப்போய் வந்த செலவு இது. யாராவது முன்கூட்டி நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால் நான் சொல்லி வைக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

தளம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2023இல், எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து இந்த மலைக்கு வந்து 200 ஆண்டு என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தபோது, பாடசாலையில் என் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டில் பழைய காகிதம் ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னேன். நாலைந்து படம் வரும் என்று நினைத்தேன். டிரங்குப் பெட்டியோடு வந்தார்கள். அன்று வந்தவர்களுக்கு நம்பர் போட்டுக் கொடுத்த அடையாளத் தகரத் துண்டு, செக்றோல் என்ற பேர் பதியும் ஏட்டின் கிழிந்த பக்கங்கள், எங்களை நாடற்றவர்களாக்கிய 1948 சட்டத்துக்குப் பிறகு குடியுரிமைக்கு எழுதிப்போட்ட விண்ணப்பங்களின் பிரதி, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்கள் மண்டபம் முகாமிலிருந்தும் அப்புறம் நீலகிரியிலிருந்தும் எழுதிய கடிதங்கள். பக்கத்துத் தோட்டங்களுக்கும் செய்தி போனது. இரண்டு வருடத்தில் 22,000 ஸ்கேன் சேர்ந்துவிட்டது. கூடவே காமன் கூத்துப் பாட்டு, ஒப்பாரி, கிழவிகள் சொன்ன கதை என்று 700 ஒலிப்பதிவு. எங்கள் தோட்டங்களுக்கு ஒஃபீஸில் ஓர் ஆங்கிலப் பெயரும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கும், தெரிந்திருக்கும். நான் தமிழ்ப் பெயரில்தான் பக்கங்களை அடுக்கினேன். இணைய முகவரிகூடத் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக வைத்தேன். அந்தப் பிடிவாதத்துக்கு என்ன விலை என்று பிறகு வருகிறேன்.

தளம் ஸ்டேட்டிக் வகை. அதாவது யாராவது வந்து கேட்கும் நேரத்தில் பக்கத்தைச் சமைக்காமல், எல்லாப் பக்கத்தையும் முன்கூட்டியே எச்டிஎம்எல் கோப்பாகச் சமைத்து அடுக்கி வைத்துவிடுவது. டேட்டாபேஸ் கிடையாது, ஹேக் பண்ணப் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஹியூகோ என்ற இலவச மென்பொருள் அந்த வேலையைச் செய்தது. “ஸ்டேட்டிக்தானே சேர், சும்மாவே போடலாம்” என்று ஒரு பழைய மாணவன் சொன்னான். சின்னத் தளத்துக்கு அவன் சொன்னது உண்மைதான். கிட்ஹப் பேஜஸில் இலவசமாகப் போடலாம், ஆனால் தளம் மொத்தம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். கிளவுட்ஃபிளேர் பேஜஸின் இலவசத் திட்டத்தில் 20,000 கோப்பு வரை வைக்கலாம், ஒரு கோப்பு 25 எம்பியைத் தாண்டக் கூடாது. என்னிடம் என்ன இருந்தது என்று பாருங்கள்: ஒவ்வொரு ஸ்கேனுக்கும் மூலப்படம், நடுத்தரப்படம், சின்னப்படம், அதற்கென்று ஒரு பக்கம். 22,000 பெருக்கல் 4. ஒலிப்பதிவையும் தோட்டப் பக்கங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 89,000 கோப்பு, 67 ஜிபி. நான் பார்த்தது 67 ஜிபியை மட்டும்தான். பெரிய கிளவுட் கம்பனி ஒன்றின் விலைப்பட்டியலில் ஒரு ஜிபிக்கு மாதம் இரண்டரை அமெரிக்கச் சதம் என்று இருந்தது. பெருக்கினால் இரண்டு டொலர்கூட வரவில்லை. ‘ஒரு பிளேன்டீக் காசு’ என்று மச்சானிடம் பெருமையடித்து, அவருடைய கிரெடிட் கார்ட்டை வாங்கிப் போட்டேன். என்னிடம் கிரெடிட் கார்ட் இல்லை, லயத்தில் முக்கால்வாசிப் பேரிடம் இல்லை. மச்சான் கொழும்பு புறக்கோட்டையில் கடையொன்றில் வேலை, அவரிடம் இருந்தது.

கொழுந்து மடுவத்தில் தராசைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். கூடையில் எத்தனை கிலோ என்பது ஒரு கணக்கு, தண்ணிக்கு, சாக்குக்கு என்று கழிப்பது இன்னொரு கணக்கு. கிளவுட்டிலும் அப்படித்தான். வைத்திருப்பதற்கு ஒரு விலை, ஒவ்வொரு கோப்பையும் உள்ளே போடும் செயலுக்கு ஒரு விலை, எடுத்துக் காட்டுவதற்கு ஒரு விலை, வெளியே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் ஒரு விலை. கோப்பு 2 கேபி என்றாலும் 20 எம்பி என்றாலும், போடும் கூலி ஒன்றுதான். உங்களிடம் ஒரு பெரிய சேகரிப்பு இருந்தால் முதலில் எண்ணிக்கையை எடுங்கள். ஜிபியை அப்புறம் பார்க்கலாம்.

சரி, ஏற்றிய கதை. 2025 ஏப்ரல் கடைசியில், வீட்டு 4ஜி ரவுட்டரில், இரவு நேர டேட்டாவில் தொடங்கினேன். எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் மேல் கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும். 150 மெகாவொட் மின்சாரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் அணையைப் பார்த்துக்கொண்டே கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருப்பது தனி அனுபவம். நாலு இரவில் ஏறியது 9,000 கோப்பு. வேகத்தைப் பார்த்தால் லைன் அவ்வளவு மோசமில்லை, சின்னப்படங்கள்தான் கழுத்தறுத்தன. 20 கேபி படம் ஒன்று போக ஒரு நொடிகூட வேண்டாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். 66,000 தடவை தட்டுவது என்றால் யோசித்துப் பாருங்கள். ஐந்தாம் நாள் விட்டுவிட்டேன். மூலப்படமும் ஒலிப்பதிவும் மட்டும், 61 ஜிபி, ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி கண்டிக்குப் போனேன். ஃபைபர் லைன் உள்ள நண்பர் ஒருவரின் ஒஃபீஸில் ஒரு பகல், ஓர் இரவு. சின்னப்படத்தையும் நடுத்தரப்படத்தையும் பக்கங்களையும் அதே கிளவுட்டில், அதே பிராந்தியத்தில், மாதம் ஐந்து டொலர் வாடகைக்கு எடுத்த சின்ன சேர்வரில் உருவாக்கி, அங்கிருந்தே வாளிக்குள் கொட்டினேன். வாளி என்று நான் சொல்வது பக்கெட்டை. கோப்புகள் கிடக்கும் இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது. இதை முதல் நாளே செய்திருந்தால் நாலு இரவுத் தூக்கம் மிச்சம். மலையிலிருந்து ஏற்றுகிறவர்கள் மூலத்தை மட்டும் அனுப்புங்கள், அதிலிருந்து பிறப்பதையெல்லாம் அங்கேயே பிறக்க விடுங்கள். அந்தத் தற்காலிக சேர்வரை நிறுத்தவும் மறக்காதீர்கள். நான் மறந்தேன்.

மே மாதம் திறந்தோம். திறந்த அன்றே, ஃபோனில் பார்த்தவர்களுக்கு ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டியது. வாளியை இணையத்தளமாகத் திறந்தால் கிடைக்கும் முகவரியில் எச்டிடிபிஎஸ், அதாவது பாதுகாப்பான இணைப்பு, வராது. எச்டிடிபிஎஸ் வரும் இன்னொரு முகவரி இருக்கிறது, அதில் உள்ஃபோல்டரைத் திறந்தால் முகப்புப் பக்கம் தானாக வராது. இரண்டும் வேண்டுமென்றால் முன்னால் ஒரு சிடிஎன், அதாவது உலகில் பல இடங்களில் பிரதி வைத்துக் காட்டும் சேவை, நிறுத்த வேண்டும். இது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது. ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஒத்திப்போட்டேன். அந்த ‘பிறகு’ முதல் பில்லைக் கொண்டுவந்தது.

நாங்கள் எதிர்பார்க்காதது கோத்தகிரியும் கூடலூரும். இங்கிருந்து போன குடும்பங்களின் வட்ஸ்அப் குழுக்களில் லிங்க் சுற்ற ஆரம்பித்தது. தாத்தாவின் துண்டு நம்பரைத் தேடிக்கொண்டு இரவெல்லாம் ஆள் வந்தார்கள். அந்த வாரம் நான் தரையில் நடக்கவில்லை. மாதக் கடைசியில் பார்த்தால் 460 ஜிபி வெளியே போயிருந்தது. முதல் 100 ஜிபி இலவசம், மீதிக்கு ஒரு ஜிபி ஏறக்குறைய 11 சதம், அந்த வகையில் மட்டும் 40 டொலர். சேர்வர், வாடகை எல்லாம் சேர்ந்து 47. அன்றைய கணக்கில் ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் 14,100. மக்கள் பார்த்ததால் வந்த செலவு என்றால் மனம் ஆறியிருக்கும். பில் வந்த பிறகு லாக்கை, அதாவது யார் எதை எடுக்கிறார்கள் என்ற பதிவை, போட்டுப் பார்த்தேன். நீலகிரிக்காரர்கள் சின்னப்படத்தையும் நடுத்தரப்படத்தையும்தான் பார்க்கிறார்கள். மூலப்படத்தை ஒன்றுவிடாமல் வரிசையாக இறக்கிக்கொண்டிருந்தவை தேடுபொறிகளின் பொட்டுகளும் (bot, தளம் தளமாகத் தானே சுற்றும் நிரல்கள்), செயற்கை நுண்ணறிவுக்காகத் திரட்டும் பொட்டுகளும். ஒவ்வொரு பக்கத்திலும் ‘மூலப்படம்’ என்று நானே லிங்க் போட்டுக் கொடுத்திருந்தேன், அவை வந்து எடுத்தன. ரோபோட்ஸ் கோப்பில் ‘வராதே’ என்று எழுதினால் நல்ல பொட்டு கேட்கும், மற்றது கேட்காது. லாக்கை முதல் நாளே போடுங்கள். மே மாதம் முழுக்க யார் எடுத்தார்கள் என்பதை இனி என்னால் ஊகிக்க மட்டுமே முடியும்.

பணத்தைவிட என்னை உறுத்துவது இதிலிருந்து வந்த இன்னொன்று. மூலப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது 43 ஸ்கேன்களில் இப்போது உயிரோடு இருப்பவர்களின் அடையாள அட்டை நம்பர் பளிச்சென்று தெரிந்தது. பழைய காகிதத்தோடு பின் பண்ணிய புதுக் காகிதம், கடிதத்தின் மேல் வைத்து எடுத்த அட்டை, இப்படி. சின்னப்படத்தில் வாசிக்க முடியாது, அதனால் எனக்குத் தோன்றவே இல்லை. அன்றே எடுத்துவிட்டேன். ஆனால் பொட்டு கொண்டுபோனதைத் திருப்பிக் கேட்க முடியாது. 19 குடும்பங்கள். நாலு ஞாயிற்றுக்கிழமை, தோட்டம் தோட்டமாகப் போய், வீட்டு வாசலில் நின்று சொன்னேன். யாரும் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு பெரியம்மா மட்டும் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே சொன்னார்: “எங்களுக்கு நம்பர் கெடச்சதே ரெண்டாயிரத்து மூனு சட்டத்துக்கு அப்புறந்தான். அதையும் ஊருக்கே காட்டிட்டியா தம்பி?” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை. பிறருடைய காகிதத்தை ஏற்றுகிறவர்களுக்கு: மூலப்படத்தைப் பொதுவெளி வாளியில் வைக்கவே வைக்காதீர்கள். பூட்டிய வாளி ஒன்று தனியாக இருக்கட்டும், கேட்பவருக்குக் கேட்டதை மட்டும் அனுப்பலாம். மாதம் ஏழெட்டுப் பேர்தான் கேட்கிறார்கள்.

இனி ‘தோ’. திறந்த மூன்றாம் நாளே புகார் வர ஆரம்பித்தது: சில தோட்டங்கள் திறக்கின்றன, சில திறப்பதில்லை. என் கணினியில் எல்லாம் சரியாக வேலை செய்தது. கோப்பின் பெயரையும் லிங்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரே பெயர். ஓர் எழுத்துக்கூட வித்தியாசம் இல்லை. பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. ஆறு நாள் போனது. கடைசியில் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எழுத்துகளுக்குக் கணினி வைத்திருக்கும் குறிமுறையான யூனிகோடில் ‘ோ’ என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், ‘ே’ ஒன்று ‘ா’ ஒன்று என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. ‘ொ’வும் ‘ௌ’வும் அப்படியே. நான் தட்டச்சு செய்தது முதல் வகை. ஸ்கேன்களில் ஒரு பகுதி வேறொரு கணினியில் அடுக்கியது, அதன் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த பழைய கோப்புமுறை பெயரைச் சேமிக்கும்போது தானாகவே பிரித்தெழுதிவிடும் வகை. கிளவுட் வாளி பைட்டை மட்டுமே பார்க்கும், இரக்கம் காட்டாது. என் தளத்தில் எல்லா முகவரியிலும் ‘தோட்டம்’ என்ற சொல் இருந்தது. அதிலும் முதல் எழுத்திலேயே.

தமிழ்ப் பெயரில் கோப்பு வைப்பவர்கள் ஏற்றும் முன் எல்லாப் பெயரையும், குறிகளைச் சேர்த்தெழுதும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பைத்தன் நிரல்மொழியில் ஒரு வரிதான். இன்னும் இரண்டு பொறி இருக்கிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். சேர்வரில் ஓடும் லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது, ஆக 85 குறிக்கு மேல் தமிழில் பெயர் வைக்க முடியாது. புள்ளியும் கொம்பும்கூட ஒவ்வொரு குறி. விண்டோஸ் அதைவிட நீளத்தை ஏற்றுக்கொள்ளும் என்பதால் வீட்டில் ஒன்றும் தெரியாது, சேர்வரில்தான் உடையும். அப்புறம், ‘தோட்டம்’ என்ற ஒரே சொல் முகவரியில் சதவீதக் குறிகளாக விரியும்போது 63 எழுத்து. வட்ஸ்அப்பில் அனுப்பினால் அரைத்திரைக்குக் குப்பையாகத் தெரியும். ஒரு தாத்தா அதைப் பார்த்து ‘வைரஸ்’ என்று அழித்துவிட்டார். தமிழ்மீதுள்ள பற்றைப் பக்கத்துக்குள் வைத்துக்கொள்வோம், முகவரியை ஆங்கில எழுத்திலும் நம்பரிலும் வைப்போம் என்று முடிவெடுத்தேன். எனக்கு இன்றும் அது பிடிக்கவில்லை. ஆனால் வேலை செய்கிறது. போகிற போக்கில் ஒன்று: கமரா எழுதும் பெரிய எழுத்து .ஜேபிஜியும் நீங்கள் எழுதும் சின்ன எழுத்து .ஜேபிஜியும் விண்டோஸுக்கு ஒன்று, வாளிக்கு இரண்டு.

ஜூன் முதல் வாரம் சிடிஎன் போட்டேன், எச்டிடிபிஎஸ் வந்தது, மாதம் 1,000 ஜிபி வரை வெளியே போவது இலவசம் ஆனது. நிம்மதி. அடுத்த சனிக்கிழமை முகவரி மாற்றும் வேலை: 22,000 பக்கங்களுக்கும் புதுப் பெயர், பழைய பெயரில் ‘இங்கே போ’ என்று தள்ளிவிடும் ஒரு குட்டிப் பக்கம். (வாளியிலேயே திசைதிருப்பும் விதி எழுதலாம், ஆனால் 50 விதிக்கு மேல் ஏற்காது.) எல்லாம் ஏற்றிய பிறகு பார்த்தால் சிடிஎன் இன்னும் பழைய பக்கத்தையே காட்டுகிறது, ஏனென்றால் பிரதி வைத்திருப்பதுதான் அதன் வேலை. பிரதியை அழிக்கச் சொல்ல ஒரு கட்டளை இருக்கிறது. நானும் ஒழுங்கான ஆள், மாறிய பக்கங்களின் பட்டியலை மட்டும் எடுத்து, ஒவ்வொரு முகவரியாக அழிக்கச் சொல்லி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரே நேரத்தில் 3,000க்கு மேல் ஏற்காது என்று பிழை வந்தது. அங்கேயாவது யோசித்திருக்க வேண்டும். பகுதி பகுதியாகக் காத்திருந்து அனுப்பும்படி ஸ்கிரிப்டைத் திருத்திவிட்டுப் படுத்துவிட்டேன். அது சமர்த்தாக விடியும்வரை வேலை பார்த்தது.

ஒரு முகவரி அழிக்க அரைச் சதம். மாதம் முதல் 1,000 இலவசம். மீதி 21,000க்கு 105 டொலர். இதில் வயிறெரியும் பகுதி என்னவென்றால், ஒரு சாய்கோடும் ஒரு நட்சத்திரமும் போட்டு ‘எல்லாவற்றையும் அழி’ என்று சொல்லியிருந்தால் அது ஒரே ஒரு முகவரி என்று கணக்காகியிருக்கும். இலவசம். தேவையானதை மட்டும் தொட்டால் மலிவு என்று நினைப்பது நம் சுபாவம். இங்கே அது தலைகீழ்.

இதை நான் பில்லில் கண்டுபிடிக்கவில்லை. ஜூலை முதல் வாரம் வகுப்பில் நிற்கும்போது மச்சானிடமிருந்து அழைப்பு. “மச்சான், கார்ட்டில முப்பத்தேழாயிரத்துச் சொச்சம் போயிருக்குடா. நீயா எடுத்த?” அவர் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அந்த மாதம் அவர் பிள்ளைக்குக் கட்ட வைத்திருந்த டியூஷன் காசு அதில்தான் இருந்தது. 124 டொலர், 37,200 ரூபா. பிள்ளைகளுக்கு ஏதோ கணக்கு எழுதக் கொடுத்துவிட்டு மைதான ஓரத்தில் போய் நின்றேன். பில் எச்சரிக்கை போட்டிருந்தாயா என்று கேட்பீர்கள். போட்டிருந்தேன், 10 டொலருக்கு. அது போனது நான் திறந்தே பார்க்காத ஒரு மின்னஞ்சலுக்கு. திறந்திருந்தாலும் பயன் குறைவுதான்: பில் கணக்கு உடனுக்குடன் வராது, எச்சரிக்கை வர அரை நாள்கூட ஆகலாம், அதற்குள் ஸ்கிரிப்ட் முடிந்திருக்கும். எச்சரிக்கை என்பது எச்சரிக்கை மட்டும்தான், அது எதையும் நிறுத்தாது. கார்ட்டில் தொகைக்கு எல்லை வைக்க வங்கி அனுமதித்தால் வையுங்கள். இன்னொருவர் கார்ட்டைப் போடவே போடாதீர்கள். இதில் தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை, ஆனால் எனக்கு வலித்தது இங்கேதான்.

124இல் 105 போக மீதியில் சேர்வர் ஐந்து. இன்னொரு பத்து டொலர் எப்படி வந்தது என்பதும் வேடிக்கை. ஜூன் தொடக்கத்திலிருந்து இரவுதோறும் தளத்தைப் புதிதாகக் கட்டி ஏற்றும்படி வைத்திருந்தேன். ஹியூகோ கட்டும்போது எல்லாக் கோப்பின் தேதியும் புதிதாகிவிடும். தேதியைப் பார்த்து ஏற்றும் கருவிக்கு எல்லாமே மாறியதாகத் தெரியும், ஆகவே 66,000 கோப்பும் தினமும் மறுபடி ஏறின. ஆர்குளோன் என்ற ஏற்றும் கருவியில் உள்ளடக்கத்தை ஒப்பிட்டு ஏற்றச் சொன்னேன். படங்கள் நின்றன, பக்கங்கள் நிற்கவில்லை. இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘கடைசியாகப் புதுப்பித்தது’ என்று அன்றைய தேதியை நானே அச்சடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு வரியை எடுத்ததும் இரவுக்கு 66,000 என்பது நாற்பது, ஐம்பதாகச் சுருங்கியது.

மேலே எழுதினால் பழைய பிரதியையும் வைத்திருக்கும் வசதி, வேர்ஷனிங், அதையும் போட்டிருந்ததால் மாதக் கடைசியில் 190 ஜிபி பழைய சரக்கு வாளிக்குள் கிடந்தது. அதற்காக அதை நிறுத்திவிடாதீர்கள். ஜூலையில் ஒருநாள் சேர்வர் மறுபடி தொடங்கியபோது டிஸ்க் இணையாமல் போய்விட்டது. ஃபோல்டர் காலி. ஏற்றும் கருவி ‘இங்கே ஒன்றும் இல்லை, அப்படியானால் அங்கேயும் இருக்கக் கூடாது’ என்று மூலப்படங்களை அழிக்கத் தொடங்கியது. நான் பார்த்து நிறுத்துவதற்குள் 9,000 போய்விட்டன. அந்தப் பத்து நிமிடம் என் கை நடுங்கியதை மறக்க மாட்டேன். சில காகிதங்களின் மூலத்தை வீட்டுக்காரர்கள் மழைக்குப் பறிகொடுத்துவிட்டார்கள், எங்கள் ஸ்கேன் மட்டும்தான் மிச்சம். வேர்ஷனிங் இருந்ததால் எல்லாம் திரும்பி வந்தது. இப்போது, பழைய பிரதி 30 நாளில் தானாக அழியும்படி ஒரு விதி, ஒரே ஓட்டத்தில் 200க்கு மேல் அழிக்காதே என்று கருவிக்கு ஒரு கட்டளை, புதிதாக எதையும் ஓட்டும் முன் ஒத்திகை ஓட்டம். கண்டிக்குக் கொண்டுபோன அந்த ஹார்ட் டிஸ்க்கின் பிரதி ஒன்று கண்டி நண்பர் வீட்டு அலுமாரியிலும் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்கு மாத வாடகை இல்லை.

கம்பனிக்கு எழுதினேன். முதல் மடல் முழுக்கப் புலம்பல், நல்லவேளை அனுப்பவில்லை. இரண்டாவதில் எந்த நாள், எந்த ஸ்கிரிப்ட், எத்தனை முகவரி, இனி நடக்காமல் இருக்க என்ன செய்தேன் என்று பத்து வரி. நாலு நாளில் பதில் வந்தது: கட்டணம் சரியானதே, ஆனாலும் ஒருமுறை மட்டும் 50 டொலர் வரவு வைக்கிறோம் என்று. காசாக இல்லை, வரும் பில்களில் கழிக்கலாம். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஆகவே கேளுங்கள், மரியாதையாக, எண்களோடு.

மச்சானுக்கு ஐந்து தவணையில் கொடுத்து முடித்தேன். இப்போது மாதம் மூன்று டொலருக்குள் நிற்கிறது, அதுவும் அந்த 50இல்தான் கழிகிறது. சேர்வரை வேண்டும்போது மட்டும் எழுப்புகிறேன். பக்கங்களைச் சிடிஎன் பத்து நிமிடம் மட்டும் வைத்திருக்கும், தானே புதுசை எடுத்துக்கொள்ளும். படங்களை ஒரு வருடம் வைத்திருக்கும். படம் மாறினால் அதன் பெயரையே மாற்றிவிடுகிறேன். அதனால் அழிக்கும் கட்டளையை ஜூனுக்குப் பிறகு ஒருமுறைகூடத் தொடவில்லை. இதெல்லாம் முதல் வாரமே செய்திருக்கக் கூடிய வேலை, மொத்தமாக ஒரு பகல்.

இன்னும் ஒன்று தீரவில்லை. தேடல் பெட்டியில் ‘ஸ்ரீ’ என்று போட்டால் முத்துமாரியம்மன் கோயில்களில் பாதிதான் வருகிறது. ‘ஸ்ரீ’யை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாமாம், ஒன்று ‘ஸ’வில் தொடங்கும், மற்றது பின்னால் சேர்த்த வேறோர் எழுத்தில். திரையில் இரண்டும் ஒன்றுதான். இதை என்எஃப்சியும் சேர்த்து வைக்காது. கிட்டத்தட்ட 400 படத்தின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். நேற்று இரவு 160 வரை வந்தேன், கரண்ட் போய்விட்டது.